அப்பாவின் ஷேடு கார்டு

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரை மணிக்கு ஒருத்தன் எழுந்திருக்கிறான் என்றால், ஒன்று அவன் ரயிலைப் பிடிக்கணும். இல்லாவிட்டால் வீட்டில் ரிட்டயரான அப்பா இருக்கணும். எனக்கு இரண்டாவது.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு ஊரே லேட்டாகத்தான் படுக்கும். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு வாரச் சம்பளம் கிடையாது. இருந்தாலும் ஊர் வழக்கத்தை மீறுவானேன் என்று நானும் லேட்டாகவே படுப்பேன். அப்பாவிடம் இந்த நியாயமெல்லாம் செல்லாது.

"கண்ணு, எந்திரி. வண்டிய எடு. வெயில் ஏறுனா போட்டோ வெளுத்துப் போகும்."

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். ரிட்டயரான முதல் மூன்று மாதம் அவர் பட்ட பாடு... தப்பு, நாங்கள் பட்ட பாடு! அம்மா துவைத்துக் காயப்போட்ட சேலையைப் பார்த்து, "ஷேடு எறங்கிருச்சு" என்பார். எனக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவைக் காட்டினால், பின்னால் தொங்கிய திரைச்சீலையை உற்றுப் பார்த்து, "மெரூன் ஒரே சீரா ஏறலையே" என்றார். (அந்த இடம் தட்டிப்போனது. காரணம் மெரூன் இல்லை, என் தொழில்.)

பொறுக்க மாட்டாமல் செகண்ட்ஹேண்டில் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்து, நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப் போனேன். ஊத்துக்குளி போகிற பக்கம், சுமார் 126 ஹெக்டேர் தண்ணீர். 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ராம்சர் என்பது ஈரானில் ஓர் ஊர். ஈர நிலங்களைக் காக்க 1971-ல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தம் அது. நம்ம எக்ஸ்போர்ட் கம்பெனி பாஷையில் சொன்னால், குளம் ஃபாரின் ஆடிட்டில் பாஸ்!

அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. பழைய ஷேடு கார்டு நோட்டையே எடுத்துவந்து, பறவை பெயருக்கு எதிரே ரெசிப்பி எழுத ஆரம்பித்தார். மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கத்து ரோஸ் நிறத்துக்கு 'ரெட் கால் பர்சென்ட்'. பனிக்காலத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்கு 'கிரே, லைட்'. "இத்தனை தூரம் வந்தும் சாயம் போகலை பாரு" என்று வாத்துக்கு சர்டிபிகேட் வேறு.

போன மாசம் மீன்கொத்தி ஒன்று வசமாக மாட்டியது. திரையில் பெரிசாக்கிப் பார்த்தார். டர்க்காய்ஸ் என்றார், ராயல் புளு என்றார், பேனாவைத் திறந்தார், மூடினார். நான் பி.காம்.; டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் தெரியாது. ஆனால் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது.

"ஏனுங்கப்பா, அந்த நீலத்துல சாயமே கெடையாதுங்க. இறகுக்குள்ள நுணுக்கமா ஒரு அமைப்பு இருக்குது. அதுல வெளிச்சம் பட்டுச் சிதறி நீலமாத் தெரியுது."

"சாயமே இல்லாமயா?"

"ஆமாங்க."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கழிவுத் தண்ணியும் வராது" என்றார்.

சிரிக்க வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ராத்திரி மழ பேஞ்சா ஓனர் போன் பண்ணுவாரு. 'மாஸ்டர், வால்வத் தொறந்து உடுங்க'ன்னு. மழத் தண்ணியோட போனா ஆருக்கும் தெரியாதில்ல? நாந்தான் தொறப்பேன். நொய்யல்ல எங்க அப்பாரு மீன் புடிச்சிருக்காரு கண்ணு."

2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது, 'பொழப்புல மண்ணு போட்டுட்டாங்க' என்று வீட்டில் எல்லோரும் புலம்பினோம். அன்றைக்கு அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். வேலை போன கவலை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

நோட்டில் 'மீன்கொத்தி' என்று எழுதினார். ரெசிப்பி எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டார்.

"வா, டீ குடிக்கலாம். அடுத்த வாரம் அஞ்சு மணிக்கே கெளம்பிரணும்."

அஞ்சா! நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.