தேற்றரவு

பிள்ளை பிறந்த வீட்டில் அழுகுரல் பிள்ளையுடையதாக மட்டுமே இருக்கவேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். தாய் அழுதால் முகம் சுளிக்கிறோம். பட்டினச்சேரியில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் வாரக்கணக்கில் உறக்கமின்றிச் சுவரைப் பார்த்துக் கிடந்தால், "செபமாலை சொல், சரியாகிவிடும்" என்போம். அவளோ தன் விசுவாசம்தான் குறைந்துபோயிற்று என்று மேலும் ஒடுங்குவாள்.

சூரைச் செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்தார். உறங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார்.

மருத்துவரிடம் போனால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்றஞ்சி வாய்மூடும் தாய்மார் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009-இலேயே தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு தொடங்கப்பட்டது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். வீட்டிலிருந்தபடியே 14416 என்ற எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சாகத் தோன்றுகிறது என்று அவள் சொன்னால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். திருமுழுக்கு விருந்து காத்திருக்கட்டும்.

காரைக்கால் ஆலயத்து அன்னைக்குத் தேற்றரவு என்று பெயர். அங்கே மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்பும் நாம், இரவில் அழும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டால் அவள் நான்கு மணி நேரமாவது உறங்குவாள்.