சக்கரம் வைத்த வீடு

குரோம்வெல்லில் மழை பெய்தால் எங்களுக்குக் கூலி இல்லை. விடியற்காலையில் கைப்பேசிக்கு ஒரு வரி வரும்: ‘இன்று வேலை இல்லை.’ வேன் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டபடி எத்தனை வாளி போச்சு என்று நான் கணக்குப் போடுவேன். என் கணவர் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார்.

நியூசிலாந்தின் தென்தீவில், சென்ட்ரல் ஒட்டாகோவில் உள்ள சிற்றூர் அது. அந்நாட்டிலேயே மழை குறைந்த வட்டாரம் என்பதால் செர்ரி நன்றாக வரும். பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் நீரைக் குடித்துத் தோல் வெடித்துவிடும். மழை விட்டதும் ஹெலிகாப்டரைத் தாழப் பறக்கவிட்டு, அந்தக் காற்றில் மரங்களை உலர்த்துவார்கள். தைப்பிங்கில் வளர்ந்த நான் அதை முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மலேசியர்களுக்கு நியூசிலாந்து தரும் வேலை-விடுமுறை விசா ஆறு மாதத்துக்குத்தான். வயது முப்பதைத் தாண்டக்கூடாது. எனக்கு 28, அவருக்கு 30. “இப்ப விட்டா அப்புறம் கிடையாது” என்றார். பினாங்கில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் பார்த்த இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு 2023 நவம்பரில் போய் இறங்கினோம். பழைய எஸ்திமா ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகையில் படுக்கை செய்தோம்.

திட்டம் என்னுடையது. ஜனவரிவரை செர்ரி, பிப்ரவரியில் வடதீவின் ஹாக்ஸ் பேயில் ஆப்பிள், மார்ச் கடைசியில் தெ புக்கேயில் கிவி. எக்செல்லில் பார்க்க அழகாக இருந்தது. ஊர் சுற்ற அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

வாளிக் கணக்கில்தான் கூலி. குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 22 வெள்ளி 70 காசு. வாளிக் கணக்கு அதற்குக் கீழே போனால் முதலாளி மீதியைப் போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்படி யாரும் போட்டுக் கொடுக்கத் தேவைப்படவில்லை. காம்போடு, அடுத்த வருஷத்து மொட்டு உடையாமல் பறிக்கிற லாகவம் இரண்டாம் வாரமே கைவந்துவிட்டது. பால்மரம் வெட்டிய பாட்டியின் கை என்று எனக்குள் ஒரு பெருமை. பாட்டி ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் போகத் தவறியதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் வேதவாக்கு. எஸ்டிபிஎம் படிக்கும்போது நான் கண் அசந்தால் அப்பா அதைச் சொல்லித்தான் எழுப்புவார்.

ஜனவரி மூன்றாம் வாரம் தொடர்ந்து மூன்று நாள் மழை. வேனுக்குள் மெகி கிண்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று, “நாளைக்குக் கிளம்பிடலாமா?” என்றார்.

“இன்னும் பன்னெண்டு நாள்தான லா. கடைசிவரைக்கும் நின்னாதான் போனஸ்.”

“அப்புறம் ஆப்பிள் இருக்கு. அப்புறம் கிவி இருக்கு. அப்புறம் ஏர்போர்ட் இருக்கு. இதுவரைக்கும் நாம என்னா பாத்தோம்? சொல்லு.”

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கோபம் வந்தது. அவருக்குத் தோள்வலி என்பது தெரியும். என்னைவிட அவருக்கு வாளி குறைவு என்பதையும் சொல்லிக்காட்டினேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் தட்டை வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அந்த நேரத்தில்தான் பாட்டிக்கு அழைத்தேன். எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

“மழையா? எங்களுக்கும் மழைன்னா வெட்டு இல்ல. மரம் நனைஞ்சா பாலு மங்குல விழாது, பட்டையில ஓடிரும்” என்றார். “இவரு வேலைய விட்டுடலாம்னு சொல்றாரு பாட்டி” என்றேன்.

“வீடு யாரு குடுத்தது? தோட்டத்துலயா?”

“இல்ல பாட்டி, எங்க வேன்லதான் இருக்கோம்.”

“அப்புறம் என்னா? நாங்க வேலைய விட்டா வீட்டையும் விடணும். புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது? அந்தப் பயத்துலயே முப்பத்தொரு வருஷம் பெரட்டுக்குப் போனேன். உங்க வீட்டுக்குத்தான் சக்கரம் இருக்கே.”

இத்தனை வருஷமாக உழைப்பு என்று எனக்குச் சொல்லி வளர்த்தது பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பயத்தைப் பெருமை என்று நினைத்து அங்கேயும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவர் நனைந்து திரும்பியபோது துண்டைக் கொடுத்து, “கிளம்பலாம்” என்றேன். வாளிக் கணக்கைப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

வேலையை விடுவது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மேற்பார்வையாளர் “நல்லா சுத்திப் பாருங்க” என்றார். போனஸ் போனது, விடுமுறைச் சம்பளமாக எட்டு விழுக்காடு மட்டும் கணக்கில் ஏறியது.

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவர் வனுவாட்டு தீவுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர். விடைபெறப் போனபோது, “நினைச்சா போயிடலாமா உங்களுக்கு?” என்று கேட்டார். அவருடைய விசா முதலாளியோடு கட்டப்பட்டது. எங்களுடையது அப்படி இல்லை. ஒரே மரம், ஒரே வாளி. என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் கேஸ் அடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

வனாக்காவைத் தாண்டி, ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கு இறங்கினோம். அந்தப் பக்கம் மழைக்குப் பேர்போனது. கணவாயிலேயே பிடித்துக்கொண்டது. பாறைக்குப் பாறை அருவி. காடியை ஓரமாக நிறுத்தி அவர் எஞ்சினை அணைத்தார்.

கூரையில் அதே சத்தம். பழக்கதோஷத்தில் வாளியை எண்ண ஆரம்பித்து, மூன்றாவதில் நிறுத்தினேன்.