நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வழி

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான். அந்தச் சாலையில் போய் வந்தவர்களுக்குச் சோதனை புதிதல்ல. திரும்பும்போது கெங்கராம்பாளையத்தில் பேருந்து நிற்கும். திண்டிவனம் வழியென்றால் கிளியனூரில் நிற்கும். மதுவிலக்குப் போலீசார் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். சில நாள் யாராவது ஒருவர் தலையைக் குனிந்தபடி இறங்குவார், வண்டி கிளம்பிவிடும். பிரான்சில் குடியேறிய பிறகுதான் அந்தச் சாலையின் பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை 1879-இல் திறக்கப்பட்டது. ஒரு முனை பிரிட்டிஷாரிடம், மறுமுனை பிரெஞ்சுக்காரர்களிடம். சின்னபாபுசமுத்திரம் தாண்டி வில்லியனூர் வந்தால் வேறு ஆட்சி. பிரெஞ்சுப் பகுதியும் ஒரே துண்டாக இல்லை. பாவும் ஊடுமாக இரு ஆட்சிகளின் கிராமங்களும் கலந்து கிடந்தன. 1941-இல் இரு தரப்பும் சுங்க ஒன்றியமாக இணைந்தன. சுதந்திர இந்தியா 1949-இல் அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டு புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் போட்டது. தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் கடத்தப்பட்ட ஆண்டுகள் அவை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சுங்கக் காவலைக் கடந்து போய் வந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இன்று நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

இன்னொரு செய்தியும் என்னை நிறுத்தி வைத்தது. பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனாவுக்குப் போன புதுச்சேரித் தமிழர் பலர் சைகோனில் போலீசிலும் வரி வசூலிலும் சுங்கத்திலும் வேலை பார்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பெட்டியைத் திறக்கச் சொன்னவர்களிலும் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸ் புறநகர்களில் என் அக்கம்பக்கத்தார். பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' தாத்தாக்களின் படங்கள் அந்த வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

என் அம்மா முதன்முறை இங்கே வந்தபோது சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வீட்டில் காய்ச்சிய நெய், பால்கோவா, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, நெத்திலிக் கருவாடு. முதல் மூன்றையும் எடுத்துக்கொண்டு கருவாட்டை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, நாத்தம் புடிச்ச கருவாட்ட உட்டுட்டான், பசு நெய்ய எடுத்துக்கினான். நான் என்னா திருடியா?"

அம்மா திருடியல்ல. அந்த அதிகாரியும் தன் கடமையைத்தான் செய்தார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. கோமாரி போன்ற கால்நடை நோய்கள் இங்குள்ள பண்ணைகளுக்குள் புகுந்துவிடும் என்ற பயம். மாடு வளர்க்கும் விழுப்புரத்துக்காரருக்கு இந்தப் பயம் புரியாததல்ல. மீன் வகைகளுக்கு அந்தத் தடை இல்லை. கருவாடு உட்பட 20 கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். பச்சை இலை, காய், பழங்களுக்கு 2019 டிசம்பர் முதல் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. சான்றிதழோடு கப்பலிலும் விமானத்திலும் வந்த சரக்குக்கே சிக்கல் வந்ததுண்டு. பழ ஈ கண்டுபிடிக்கப்பட்டு 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலையையும் ஒன்றியம் தடை செய்தது. மாம்பழத்துக்கான தடை அடுத்த ஆண்டுதான் நீங்கியது.

விதியில் எனக்குக் குறையில்லை. அதை யாரும் அம்மாவின் மொழியில் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். நீட்டிய தாள் பிரெஞ்சில் இருந்தது, விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக விமானம் ஏறிய ஒரு பெண்ணை அந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே நிறுத்திவைத்தால், தான் குற்றம் செய்துவிட்டதாகத்தான் நினைப்பாள். ஊருக்குத் திரும்பும்போதும் இதே கதிதான். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் இந்தியப் பெண் 40 கிராம், ஆண் 20 கிராம் நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்ற எடைக் கணக்குகூடத் தெரியாமல், கழுத்துச் சங்கிலியை மறைத்துக்கொண்டு பச்சை வழியில் நடுங்கியபடி போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலேயே, எந்த நாட்டுக்கு எது ஆகாது என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பலகைதான். அது வரும்வரை பொறுப்பு நம் மேல். ஐரோப்பாவுக்குப் பெற்றோரை அழைக்கும் பிள்ளைகளே, பயணச்சீட்டு அனுப்பும் அன்றே போன் செய்து சொல்லுங்கள்: நெய்யும் பால்கோவாவும் கறிவேப்பிலையும் வேண்டாம், கருவாடும் அப்பளமும் தேங்காயும் எடுத்து வரலாம், பத்தாயிரம் யூரோவோ அதற்கு மேலோ பணம் இருந்தால் எழுதிக் காட்ட வேண்டும். அதையே தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்கள் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.