முறத்தின் மேல் ஒரு வலது கை

ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களைத் தோட்டத்தில் விட்டால் முதல் சில நாள் ஆளைத்தான் பார்ப்பார்கள், மண்வெட்டியைப் பார்க்க மாட்டார்கள். முழங்கை எவ்வளவு மடங்குகிறது, தோள் எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பிடி ஏன் இவ்வளவு ஒல்லி, பாத்தி ஏன் இவ்வளவு தாழ்வு என்று கேட்கத் தொடங்கிவிட்டால் என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

விக்கிரவாண்டியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் செம்மண் தோட்டம். பக்கவாதம் வந்தவர்கள், மனநல சிகிச்சையில் இருப்பவர்கள், தொழுநோய் குணமாகியும் கையில் உணர்ச்சி திரும்பாதவர்கள் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். தெரபிஸ்ட் என்று அங்கே யாரும் சம்பளத்தில் இல்லை. மேற்பார்வைக்குக் கல்லூரியிலிருந்து நான் போய் வருகிறேன். பிரிட்டனில் இப்படித் தோட்ட அறக்கட்டளைகளுக்கு மாணவர்களை அனுப்புவது பழகிப்போன விஷயம். நாமோ, ஆக்குபேஷனல் தெரபி உலகக் கூட்டமைப்பு கேட்கும் குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சியைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே கழித்துவிடுகிறோம். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியைத் தொடங்கியதிலிருந்து அதுதான் நமக்குத் தாய்வீடு. குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பெக் போர்டில் நோயாளி செருகிய குச்சியை மாணவி பிடுங்கி மறுபடியும் கையில் கொடுப்பாள். நட்ட கத்தரி நாற்றை யாரும் அப்படிப் பிடுங்குவதில்லை.

விதைக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கிற நாள் ஒன்று. மெஷினில் போட்டால் பருப்பு உடையும், தோல் கீறும், முளைப்பு குறையும். அதனால் கையால்தான் உரிப்பார்கள். வலப்பக்கம் விழுந்த பெரியவர் ஒருவரின் வலது கையில் காயை வைத்து, "அமுக்குங்க ஐயா" என்றாள் மாணவி. "மல்லாட்டை உரிக்கச் சொல்லித் தரவா கண்ணு நாலு வருஷம் படிக்கிற?" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். அதுதான் கெட்டிக்காரத்தனம். அவர் இடது கையால் காயின் மூக்கைக் கல்லில் தட்டி, கட்டைவிரலால் பிளந்து, பருப்பை முறத்தில் போட்டார். ஒவ்வொரு தடவையும் முறம் நழுவியது; குதிகாலால் இழுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து அவள், "வலது கையை முறத்து விளிம்பு மேல வெச்சிக்குங்க ஐயா, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். முறம் நின்றது. விரல்கள் திறக்கவில்லை, அன்றைக்கு அது நோக்கமும் இல்லை. மாசக்கணக்கில் மடியில் கிடந்த கைக்கு ஒரு வேலை கிடைத்தது.

உணர்ச்சியில்லாத கைக்கு வேறு கணக்கு. தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுத்தான் கெடுகிறது என்று வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். வலி தெரியாத கை, பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கும். ஒல்லியான களைக்கொத்துப் பிடியென்றால் அழுத்தமெல்லாம் ஒரே இடத்தில் விழும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்குகிறோம். வேலை முடிந்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாமல் நின்றால் பிடியை மறுபடியும் மாற்ற வேண்டும்; ஆளைக் கோபித்துப் பயனில்லை.

மனநல மருந்துகளில் சில வியர்வையைக் குறைக்கும், சில வெயிலில் தோலை எரிய வைக்கும். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தளவு ஏறும். பரீட்சையில் இதையெல்லாம் ஒப்பிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது, தண்ணிப் பானையை எங்கே வைப்பாய் என்பதுதான். சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் யாரும் வரப்பில் நிற்கக் கூடாது.

மாணவர்கள் நாற்றோடு செல்ஃபி எடுத்தால் கண்டுகொள்வதில்லை. ஆட்களோடு எடுத்தால் போனை வாங்கி வைத்துவிடுவேன்.

ஆடிப்பட்டத்துக்கு அடுத்த குழு வருகிறது. மூட்டு மடங்குவதை அளக்கும் கோனியோமீட்டர் ஒன்று போதும், பிடியைத் திருத்த ரம்பமும் சைக்கிள் டியூபும் மறக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.