பழைய காகிதம்

யானைக்கவுனிக்கு யானையைத் தேடி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கவுனியைத் தேடி வருகிறவர்களின் கதியும் அதுவே. கவுனி என்றால் மதிலின் வாயில். கறுப்பர் பட்டணம் என்று அந்நாளில் வழங்கிய பகுதியைச் சுற்றிக் கும்பெனியார் ஒரு மதில் எழுப்பினார்கள். அதன் மேற்குப் பக்கத்தில் இருந்த வாயில்களுள் ஒன்று இது. மதிலும் போயிற்று, வாயிலும் போயிற்று. மதில் கட்டிய செலவுக்காக ஜனங்கள்மீது ஒரு வரி போடக் கும்பெனியார் யோசித்தார்கள். அந்த யோசனையின் ஞாபகமாக ‘வால்டாக்ஸ் ரோடு’ என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பழைய ஜெயில் ரோட்டில், மாடிப்பூங்கா என்று சொல்லும் இடத்தில், மதிலின் ஒரு துண்டு மிச்சமிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

“யாருக்குப் பயந்து சார் இந்தச் சுவரைக் கட்டினார்கள்?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. இந்தப் பேட்டையில் பல வருஷங்களாகச் சரித்திரம் போதித்துவரும் நாம் அதற்கு இரண்டு பெயர்களைச் சொல்லுவோம். ஒருவர் பிரெஞ்சுத் தளபதி லாலி. 1758-ம் வருஷக் கடைசியில் பட்டணத்துக்குள் புகுந்து, இரண்டு மாத காலம் கோட்டையை முற்றுகையிட்டவர் அவர். மற்றவர் ஹைதர் அலி. 1769-ல் அவர் தம் குதிரைப் படையுடன் பட்டணத்தின் வாசலுக்கே வந்து நின்று, தாம் விரும்பியபடி ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிற்பாடுதான் மதில் வேலை மும்முரமாயிற்று.

ஆனால் சுவரை மட்டும் நம்பி ராஜ்யம் நடத்த முடியுமா? உடன்படிக்கைப்படி ஆபத்துக் காலத்தில் உதவி செய்யாத கும்பெனியார்மீது ஹைதருக்கு மனக்கசப்பு முற்றியது. அவருடைய உள்ளக் கருத்தை அறிந்து வர, 1779-ல் கவர்னர் ரம்போல்டு ஒரு தூதரைத் தேடினார். அவர் தெரிந்தெடுத்தது சேனாதிபதியையும் அன்று, கும்பெனி உத்தியோகஸ்தரையும் அன்று. ஸ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரை! பிரஷ்ய ராஜ்யத்தில் பிறந்து, ஹாலே நகரில் படித்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் அவர். இந்நாட்டு மொழிகள் பலவற்றில் மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசக்கூடியவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரை மரியாதையாக வரவேற்றார். வழிச் செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். பாதிரியார் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் கும்பெனியாரிடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவே, தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்த அது முதல் பணமாயிற்று. தூது பலிக்கவில்லை, அடுத்த வருஷமே யுத்தம் மூண்டது. ஆயினும் தூதர் நாணயம் தவறவில்லை என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டார்கள். கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி கோவிலில் அவருக்குக் கும்பெனியார் வைத்த சலவைக்கல் சின்னம் இருக்கிறது.

இந்தப் பிரயாணத்தின் சங்கதியெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பாதிரியார் தாமே எழுதிவைத்தார். அது அழியாமல் காப்பாற்றப்பட்டு அச்சிலும் வந்தது. இவ்வாறு எழுதுவதும் காப்பாற்றுவதும் அவருக்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்துவிட்ட வழக்கம். ஹாலே நகரில் பிராங்கே என்னும் பெரியவர் 1698-ல் ஓர் அனாதை விடுதியைத் தொடங்கி, அதைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களும் அச்சுக்கூடமும் மருந்துச் சாலையும் வளரச் செய்தார். அவருடைய தொடர்பில் வந்த சீகன்பால்கும் புளுட்சோவும் டென்மார்க் தேசத்து அரசரால் அனுப்பப்பட்டு, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் மிதந்து, 1706-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அன்று முதல் கடிதங்களும் தினசரிக் குறிப்புகளும் ஓலைச் சுவடிகளும் கப்பலேறி ஹாலேக்குப் போன வண்ணமாக இருந்தன. 1710 முதல் அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்துப் பத்திரிகைபோல அச்சிட்டார்கள். ஐரோப்பாவில் பலர் அதைச் சந்தா கட்டி வாசிப்பதுபோல் ஆவலுடன் வாசித்தார்கள். மூலக் காகிதங்கள் கட்டுக் கட்டாக, எண்ணிட்டு, இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நாளில் ஜெர்மனி என்று ஒரே ராஜ்யம் கிடையாது. அது 1871-ல் ஏற்பட்டது. ஆள் ஹாலேயிலிருந்து, உத்தரவு கோபன்ஹேகனிலிருந்து, பணத்தில் ஒரு பங்கு லண்டன் சங்கத்திலிருந்து, குடியிருக்க அனுமதி தஞ்சை மன்னரிடமிருந்தோ இங்கிலீஷ் கவர்னரிடமிருந்தோ! ஆகவே ஒரு பாதிரியார் ஒரு கடிதம் எழுதினால் நாலு கொடிகளுக்கும் மனம் கோணாமல் எழுதவேண்டியிருந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதியோடு மனஸ்தாபப்பட்டு, நாலு மாதம் சிறையிலேயே இருந்தார். மத விஷயம் ஒரு பங்கு என்றால் ராஜதந்திரம் ஒரு பங்கு. அந்தக் கட்டுகளைப் பிரித்தால் இரண்டும் பின்னிக்கொண்டுதான் வரும்.

நம் பேட்டைக்கும் அந்தக் கட்டுகளில் இடம் உண்டு. 1726-ல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே இங்கே பள்ளிக்கூடம் வைத்தார், தெலுங்கு படித்தார். ஊர் திரும்பிய பின், சென்னைப் பட்டணத்தைப்பற்றித் தெலுங்கில் எழுதிய 30 சம்பாஷணைகளை இங்கிலீஷாக்கி 1750-ல் ஹாலேயில் அச்சிட்டார். யானைக்கவுனிப் பாலத்தைத் தாண்டி மேற்கே போனால் வேப்பேரி. பப்ரிஷியஸ் என்னும் மற்றொரு ஜெர்மானியர் அங்கே வெகு காலம் வாழ்ந்தார். 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த இங்கிலீஷார் அங்கிருந்து கொண்டுவந்த அச்சுயந்திரம் அவர் வசம் வந்தது. அதில் 1779-ல் அவர் அச்சிட்ட தமிழ் அகராதி, பின்னர் விரிந்து விரிந்து, அவர் பெயராலேயே இன்றுவரை வழங்குகிறது. தமிழுக்குச் சொல் சேர்த்த அந்தப் புலவர் முதுமையில் பிறர் பணத்தைக் கையாண்டு கடன்பட்டு, கடன்காரர் சிறையில் கிடந்தார். மிஷனின் சரித்திரம் அதையும் மறைக்கவில்லை.

மறைக்காமல் வைத்திருப்பதுதான் விசேஷம். இதற்கு இன்னும் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தெய்வங்களைப்பற்றிச் சீகன்பால்கு 1713-ல் ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். சிவனும் திருமாலும் மட்டுமல்ல, ஐயனாரும் மாரியம்மனும் பிடாரியும் அதில் வரிசையாக நின்றார்கள். பிராங்கேக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்வதா என்பது அவர் கட்சி. நூல் அச்சேறவில்லை. ஆனால், நேயர்கள் கவனிக்கவேண்டும், அதை ஒருவரும் அடுப்பில் போடவில்லை! வேண்டாத காகிதத்தையும் ஒரு கட்டில் கட்டி வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867-ல், கெர்மான் என்னும் ஜெர்மானியர் அதை இதே சென்னையில் அச்சிட்டார். முந்நூறு வருஷத்துக்கு முன் நம் கிராமங்களில் எந்தத் தெய்வத்தை எப்படி வணங்கினார்கள் என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று அந்தப் புத்தகத்தைப் புரட்டவேண்டியிருக்கிறது.

இதற்காக நாம் அந்தப் பாதிரிமாருக்குப் பல்லக்குத் தூக்க வேண்டியதில்லை. அவர்கள் வந்த காரியம் வேறு. நம்மைப்பற்றிய அவர்கள் எழுத்தில் அன்பும் உண்டு, அலட்சியமும் உண்டு. தமிழர்களிடம் கேள்விகள் அனுப்பி வாங்கிய 99 கடிதங்களை அவர்கள் ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்டார்கள். நம் சமயம், நம் வைத்தியம், நம் வழக்கங்கள்பற்றி நம்மவரே சொன்ன பதில்கள் அவை. அவற்றில் பலவற்றை எழுதியவர், சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். ஆனால் கடிதங்களின்மேல் எழுதியவர் பெயர் இல்லை. தமிழில் எழுதியதை ஜெர்மன் வழியாகத்தான் நாம் இன்று வாசிக்கிறோம். கேள்வியும் அவர்களுடையது, பெயர்ப்பும் அவர்களுடையது, பெட்டியும் அவர்களுடையது. காகிதத்தை வைத்திருக்கிறவன் கையில்தான் கதையின் கடிவாளம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

யுத்தங்கள் கூட அந்தக் கடிவாளத்தைப் பறிக்கவில்லை. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானிய யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று ஏறக்குறைய 130 குண்டுகளை வீசிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. பட்டணத்தார் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். எதற்கும் அஞ்சாத தந்திரசாலியை ‘அவன் ஓர் எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் வந்தது அதனால்தான். இருநூறு வருஷமாகத் தமிழ் பேசி வந்த ஜெர்மானியப் பாதிரிமார்களின் பரம்பரை திடீரென்று சத்துருப் பிரஜைகளின் கூட்டமாயிற்று. பலரை அகமத்நகரில் காவலில் வைத்தார்கள்; பிறகு ‘கோல்கொண்டா’ கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் வளர்த்த சபை சிதறிவிடவில்லை. ஸ்வீடன் தேசத்தாரின் உதவியுடன் 1919-ல் அது தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருவெடுத்தது. ஆட்கள் போனார்கள், காகிதங்கள் போகவில்லை. லைப்சிக் மிஷனின் ஏடுகளும் இப்போது ஹாலேயிலேயே பாதுகாப்பில் இருக்கின்றன.

நம்மவர் எழுதிவைக்கவில்லை என்று சொல்லுவது பழி. சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709-ல் பிறந்து புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் இருபத்தைந்து வருஷ காலம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர் 1746-ல் சென்னையைப் பிடித்த கதையை அதில் நாள் நாளாகக் காணலாம். அந்தக் குறிப்புகளும் 1846-ல் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் பட்ட பிறகே உலகத்துக்குத் தெரியவந்தன. எழுதுகிற கை நம்மிடம் இருந்தது. எடுத்து வைக்கிற பெட்டிதான் இல்லை.

அந்தக் குறை இன்றும் தீரவில்லை என்பதைச் சில வருஷங்களுக்கு முன் நாம் நேரில் கண்டோம். இந்தப் பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் அறைக்கு இடம் வேண்டுமென்று நிர்வாகத்தார் ஒரு கிடங்கைக் காலி செய்தார்கள். மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. கிலோ இன்ன விலை என்று பேசி முடித்துப் பழைய காகிதக்காரர் தராசில் தூக்கிக்கொண்டிருந்தார். “ஐயா, இவற்றில் என்ன இருக்கிறது?” என்றார் நிர்வாகி. “இறந்துபோனவர்கள் பெயர்தானே!” நாம் கெஞ்சிக் கேட்டு, காகிதக்காரருக்கு அவர் கேட்ட விலையையும் கொடுத்து, நாலு ஏடுகளை மட்டும் மீட்டோம். மற்றவை மூன்று சக்கர வண்டியில் மூலக்கொத்தளம் பக்கமாகப் போய்விட்டன.

அந்த நாலு ஏடுகளில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கலம் உண்டு. படகோட்டி, துறைமுகக் கூலி, ரயில்வே பயர்மேன், சேட் கடைக் கணக்குப்பிள்ளை, உப்பு வண்டிக்காரர், கொத்தனார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. வட சென்னையைத் தோளில் தூக்கிக் கட்டியவர்கள் இவர்களே. இவர்களுக்குக் கோட்டைக் கோவிலில் சலவைக்கல் இல்லை. ஹாலேயில் பெட்டியும் இல்லை. ஒரு வாத்தியார் அழகான கையெழுத்தில் எழுதிவைத்த ஒற்றை வரிதான் இவர்களுடைய சரித்திரம். இந்த ஏடுகளை நாம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னோம். ஒரு பெண் தன் பாட்டனாரின் பெயரைக் கண்டுபிடித்தாள். “படகோட்டி” என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜெர்மானியரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காகிதத்தை எரிக்காதே, கட்டி வை, கட்டின்மேல் வருஷத்தை எழுது. அவ்வளவே. பிடித்த காகிதம், பிடிக்காத காகிதம் என்று பார்க்கவேண்டாம். எது உதவும் என்று தீர்மானிக்கிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நேயர்கள் தங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தால், இந்தப் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது அதைத் திறந்து பார்க்க வேண்டும். தாத்தாவின் கணக்கு நோட்டும், ரங்கூனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கார்டும், கல்யாணப் பத்திரிகையும் அதில் இருக்கக்கூடும். போகிப் பண்டிகைக்கு எரிக்கப் பழைய பாய் போதாதா? சுவர் கட்டியவர்களின் சுவர் இடிந்துபோயிற்று. அந்தச் சுவருக்கு வெளியே, வேப்பேரியில் உட்கார்ந்து எழுதினவர்களின் காகிதம் இன்னும் பேசுகிறது.