பிக் ஹவுஸின் தோல்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் என்று பேச்சு வந்தால் ஜான் வுடன் பெயரைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். என் மனசு கிளாரன்ஸ் கெய்ன்ஸ் பக்கம் போகும். ஆறடி மூன்றங்குலம், அதற்கேற்ற உடம்பு. ‘பிக் ஹவுஸ்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

வேதியியல் படித்தவர், பல் மருத்துவராக நினைத்திருந்தார். 1945-ல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில், கறுப்பின மாணவர்களுக்கான ஆசிரியர் கல்லூரிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். மறுவருஷமே தலைமைப் பயிற்சியாளர் போய்விட, எல்லாம் கெய்ன்ஸ் தலையில் விழுந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்தான், டிக்கெட் விற்பனையைப் பார்ப்பதும் அவர்தான், சுளுக்கிய காலுக்குக் கட்டுப் போடுவதும் அவர்தான். எங்கள் கல்லூரி பி.டி. சார் பந்து வாங்கிய பில்லோடு முதல்வர் அறை வாசலில் காத்து நிற்பதைப் பார்த்தவன் நான். கெய்ன்ஸ் விஷயத்தில் கேட்பவரும் கைவிரிப்பவரும் ஒரே ஆள்!

வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியிலுள்ள ஓட்டல்கள் கறுப்பர்களை உள்ளே விடாத காலம் அது. அப்போதே உள்ளூர் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியின் ஆட்டக்காரர் பில்லி பேக்கரோடு சேர்ந்து, வெள்ளை, கறுப்புப் பையன்களை விளம்பரமில்லாமல் ஒரே ஆடுகளத்தில் ஆடவிட்டார்.

1967-ல் கெய்ன்ஸ் அணியின் ஏர்ல் மன்றோ ஆட்டத்துக்குச் சராசரி 41.5 புள்ளி குவித்தார். அணிக்கு 32 ஆட்டங்களில் 31 வெற்றி. கறுப்பினக் கல்லூரி ஒன்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் கூடைப்பந்துப் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை.

அதற்குள் பெரிய பல்கலைக்கழகங்களும் கறுப்பின ஆட்டக்காரர்களைத் தேட ஆரம்பித்திருந்தன. அவற்றிடம் ஸ்காலர்ஷிப் இருந்தது, பெரிய அரங்கம் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. இன்னொரு மன்றோ கெய்ன்ஸிடம் வரவில்லை. எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ, அது திறந்ததில் நஷ்டம் அவருக்கு. அவர் கணக்கில் 828 வெற்றி, 447 தோல்வி. 828-ஐ எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த 447 மேல், அதிலும் கடைசி வருஷங்களில் சேர்ந்தவை மேல், தனி மரியாதை. 1982-ல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியதுமே கௌரவமாக விலகியிருக்கலாம். விலகவில்லை. பெரிய இடங்கள் தேடி வராத பையன்களை வைத்துக்கொண்டு, 1993 வரை அதே கல்லூரியில் அணி கட்டிக்கொண்டிருந்தார்.