மேட்டில் வெளிப்பட்ட குறை

எங்கள் பங்கில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. 2014-ஆம் ஆண்டோடு அவ்வண்டியின் உற்பத்தியே நின்றுபோயிற்று. எனினும் இலத்தூரிலிருந்து நோயாளிகளைத் தென்காசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இன்றும் அது எங்களுக்கு உதவுகிறது.

சென்ற ஆடி மாதத்தில் ஓரிரவு, மூச்சிரைப்பால் வருந்திய மூதாட்டி ஒருவரை அதில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தெருவில் வண்டி சீராகவே சென்றது. மேடு வந்ததும் ஓட்டுநர் தம்பி ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் திணறிற்று, வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மீண்டும் கிளப்பினால் கிளம்பும், அழுத்தினால் அணையும். நல்ல வேளையாக ஆட்டோ ஒன்று வந்தது. அதில் ஏறிச் சென்ற பாட்டி பிழைத்துக்கொண்டார்.

ஆனால் அன்றிரவு நான் செய்த பிழையை மறக்க இயலவில்லை. "பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்தாயோ?" என்று பலர் முன்னிலையில் அத்தம்பியைக் கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான், மறுமொழி கூறவில்லை.

மறுநாள் தென்காசியில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டி, பிளக்குகளை மாற்றச் சொன்னேன். அவர் புன்னகைத்து, "சாமி, மாற்றுவது எளிது. வண்டி எந்த நேரத்தில் நிற்கிறது என்று முதலில் சொல்லுங்கள்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். எஞ்சின் ஓடக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் வேண்டும். சும்மா நின்று ஓடும்போது சிறிதளவு பெட்ரோலே போதும். மேட்டில் இழுக்கும்போது பன்மடங்கு தேவைப்படும். அழுத்திய கணத்தில் மட்டும் தடுமாறி உடனே தெளிந்தால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வெடித்து உதறினால் பிளக், பாயிண்ட், காயில் இவற்றை ஐயுறலாம். இழுக்க இழுக்கச் சோர்ந்து அணைந்தால், பெரும்பாலும் பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்றே பொருள்.

இதைச் சோதிக்க, தீப்பொறி எழாதபடி காயில் கம்பியைக் கழற்றி வைத்தார். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, எஞ்சினைச் சுழற்றச் செய்தார். முதலில் பெட்ரோல் பீறிட்டது. சற்று நேரத்தில் நூலாக மெலிந்தது. வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே செந்நிறத் துரு அப்பியிருந்தது.

குற்றாலச் சாரல் வீசும் ஈரமான மாதங்களில், டாங்கியில் பாதிப் பெட்ரோலுடன் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தவன் நானே. வெற்றிடத்துக் காற்றின் ஈரம் நீராகப் படிந்து இரும்பைத் தின்றிருக்கிறது. வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டுமெனத் தம்பி முன்பே கூறியிருந்தான். "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று தட்டிக்கழித்தவனும் நானே.

டாங்கியைக் கழுவி, வடிகட்டியை மாற்றியதும் வண்டி மேட்டில் தடையின்றி ஏறிற்று. ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. அன்றிரவு உடனிருந்தவர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் சாமி" என்றான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

அன்பு வாசகரே, வண்டி நின்றால் "எப்போது நிற்கிறது?" என்று முதலில் கேளுங்கள். "யார் கெடுத்தது?" என்னும் கேள்வியை அதற்குமுன் கேட்டுவிடாதீர்கள்.